புதுப்பிப்பு: சீதனக் காணியும் வெளிநாட்டிலிருக்கும் கணவரின் கையெழுத்தும்

சீதனக் காணி மனைவியின் தனிச்சொத்து என்று முன்பு எழுதியிருந்தோம். அது சரிதான். ஆனால் "அப்படியென்றால் தனியே விற்கலாமா?" என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

விற்க முடியாது. தேசவழமைக்கு (இலங்கையின் வடபகுதித் தமிழருக்குரிய மரபுச் சட்டம்) உட்பட்ட மனைவி காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 6ஆம் பிரிவு. மரணசாசனம் (உயில்) எழுத மட்டும் சம்மதம் வேண்டாம். கணவருக்கு இப்படியொரு கட்டு இல்லை. இது அநீதி என்றே நினைக்கிறோம்.

கணவர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்தால் தொலைபேசியில் "ஓம், வில்லும்" என்று சொன்னது செல்லாது. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோர்னித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) முடித்து அனுப்பவேண்டும். அதில் காணியின் பெயர், பரப்பு, உறுதி (காணிப் பத்திரம்) இலக்கம், "சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட" என்ற அதிகாரம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பொதுவான வாசகத்தோடு வருபவைதான் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் சிக்குகின்றன. கடவுச்சீட்டிலும் திருமணப் பதிவிலும் பெயர் வேறுவேறாக இருப்பது அடுத்த சிக்கல். அதை முதலிலேயே ஒப்பிடுங்கள்.

அவர் கைவிட்டுப் போயிருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றி மறுத்தால், அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் சம்மதமின்றியே அனுமதி தரலாம். திருமணச் சான்றிதழ், உறுதி, பதில் வராத கடிதங்கள், செய்திகளின் அச்சுப்பிரதி ஆகியவற்றோடு சட்டத்தரணியிடம் போங்கள். வாங்குபவரிடம் முற்பணம் வாங்குவதற்கு முன்பே போங்கள்.

தேடியதேட்டம் (திருமணத்தின் பின் தேடிய சொத்து) பற்றிய கேள்விகளுக்குத் தனியாக எழுதுகிறோம்.