இன்வெர்ட்டர் ரீடிங் வந்து வந்து போகுது (ஹோம் அசிஸ்டன்ட், ஆர்எஸ்485) – உதவி தேவை

கேள்வி – ஹட்டன்
வணக்கம். வீட்டுல 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், 48 வோல்ட் லித்தியம் பெட்டரி. ஆர்எஸ்485ங்கிற ரெண்டு வயர் (ஏ, பி) இணைப்புக்கு யுஎஸ்பி அடாப்டர் போட்டு, ராஸ்பெரி பைங்கிற சின்னக் கம்ப்யூட்டர்ல ஓடுற ஹோம் அசிஸ்டன்டோட (வீட்டுக் கருவிகளை இயக்குற மென்பொருள்) இணைச்சிருக்கேன். வேகம் 9600, ஸ்லேவ் ஐடி (இன்வெர்ட்டரோட முகவரி) 1. பெட்டரி சதவீதம் கொஞ்ச நேரம் சரியா வரும், அப்புறம் "அன்அவேலபிள்". பிறகு தானா வரும். ஏ, பி வயரை மாத்திப் பார்த்தேன், ஒண்ணுமே வரல்ல. பழையபடியே வச்சிட்டேன்.

எனக்கு இது அவசரம். அம்மாவுக்கு ஆஸ்துமா, ராத்திரியில நெபுலைசர் போட வேண்டி வரும். வைகாசி மழை தொடங்கிட்டா பகல்லயும் மிஸ்ட், பெட்டரி நிறையாது. மரம் விழுந்து லைன் அறுந்தா கரண்ட் எப்போ வரும்னே தெரியாது. பின்னேரம் 4 மணிக்கு பெட்டரி 60 சதவீதத்துக்குக் கீழ இருந்தா மெயின்ல சார்ஜ் ஏறணும், சுடுதண்ணி ஹீட்டர் நிக்கணும். ஒழுங்கா வாசிக்கவே முடியல்ல, எப்படி கட்டளை அனுப்புறது?

பதில் – பண்டாரவளை
அண்ணே, தானா வந்து போகுதுன்னா ஏ, பி சரிதான். சோலார் பொருத்தினவங்க வைஃபை ஸ்டிக் ஏதும் செருகியிருக்காங்களா? அதுவும் அதே சோடி வயர்ல இருக்கான்னு பாருங்க. மோட்பஸ் ஆர்டியுல (இந்த வயர்ல இன்வெர்ட்டர் பேசுற முறை) கேள்வி கேக்குற ஆள் ஒருத்தர்தான் இருக்கலாம். ஸ்டிக்கும் பையும் ஒரே நேரத்துல கேட்டா ரெண்டும் கலந்து, பதில் பிழையாகிடும். பெட்டரிக்குப் போற கேபிளை மட்டும் தொடாதீங்க.

ஹட்டன்
அதேதான் தம்பி! ஒரே சோடியில ஜொயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. ஸ்டிக்கைக் கழட்டினேன், நேத்து ராத்திரியிலிருந்து ஒரு தரம்கூட விடுபடல்ல. ஆனா ஸ்டிக் இல்லாட்டி வாரண்டி தர மாட்டோம்னு சொல்றாங்க.

இன்னொண்ணு. மெயின் சார்ஜ் ஆம்பியர் ரெஜிஸ்டரை (இன்வெர்ட்டருக்குள்ள அந்த செட்டிங் இருக்குற, இலக்கம் போட்ட இடம்) வாசிச்சா 100ன்னு வருது, ஸ்க்ரீன்ல 20. பெட்டரி சதவீதத்தோட ரெஜிஸ்டர் இலக்கம் ஒரு நண்பர் கொடுத்தது, இந்த ஆம்பியர் இலக்கம் நானே மெனுவலைப் பார்த்துப் போட்டது.

பதில் – தலவாக்கலை
தயவுசெஞ்சு இப்போ எதையும் எழுதிடாதீங்க. சில மெனுவல்ல இலக்கம் 1ல தொடங்கும், வயர்ல போறது 0ல தொடங்கும். நீங்க பக்கத்து ரெஜிஸ்டரை வாசிக்கிறீங்க போல. அதுல எழுதினா வேற ஏதோ செட்டிங் மாறிடும். ஒண்ணு குறைச்சு வாசிங்க. 20 வந்தாலும் நம்பாம, ஸ்க்ரீன்ல 15ஆக்கிப் பாருங்க. ரீடிங்கும் 15ஆனாதான் அது சரியான இடம்.

எழுதுறதையும் மாறுற நேரம் மட்டும் எழுதுங்க. வாசிக்கிறது 15 விநாடிக்கு ஒரு தரம் நடக்கலாம், ஆனா செட்டிங் பதியிற மெமரிக்கு இத்தனை தடவைதான்னு ஒரு ஆயுள் இருக்கு.

அம்மா விஷயத்தை பையை நம்பி விடாதீங்க அண்ணே. எஸ்டி கார்ட் போனா அன்னைக்கு சார்ஜும் ஏறாது. உங்க இன்வெர்ட்டர் மெனுவுலயே நேரம் வச்சு மெயின்ல சார்ஜ் ஏத்துற பக்கம் இருந்தா 4 மணி, 60 சதவீதம்னு அங்கயே போட்டிடுங்க. ஹீட்டரை மட்டும் ஹோம் அசிஸ்டன்ட் பார்க்கட்டும்.

பதில் – பண்டாரவளை
நானும் அப்படித்தான் வச்சிருக்கேன். ஆனா என்னோட நேரத்தைக் காப்பி பண்ணாதீங்க. வைகாசி, ஆனியில எங்களுக்கு வெயிலும் காத்தும்தான், ஐப்பசி, கார்த்திகையிலதான் இருட்டு. ஸ்டிக்குக்கு: இன்வெர்ட்டர்ல வேற ஆர்எஸ்485 போர்ட் இருந்தா பையை அங்க மாத்துங்க. இல்லாட்டி ஸ்டிக்கே மோட்பஸ் டிசிபி (அதே மோட்பஸ், வீட்டு நெட்வொர்க் வழியா), போர்ட் 502 தருமான்னு கேளுங்க. அடாப்டரும் ஐசொலேட்டட் வகையா (ரெண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாதது) வாங்குங்க, இடி காலத்துல பை தப்ப வாய்ப்பு கூட.

ஹட்டன்
ஒண்ணு குறைச்சதும் 20 வந்திச்சு. ஸ்க்ரீன்ல 15ஆக்கினேன், இங்கயும் 15. நேரச் சார்ஜ் பக்கம் மெனுவுல இருக்கு, போட்டுட்டேன். இன்னைக்கு 4 மணிக்கு 52ல இருந்தது, மெயின்ல ஏறி 60ல நின்னுச்சு. பிறகு பையையும் நிறுத்தி, மெயின் சுவிட்சையும் இறக்கிட்டு நெபுலைசரை ஓட்டிப் பார்த்தேன், ஓடுது. அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கீழ ரெண்டாவது ஆர்எஸ்485 போர்ட் ஒண்ணு மூடி போட்டு இருக்கு, ஞாயித்துக்கிழமை பையை அதுக்கு மாத்திட்டு ஸ்டிக்கைத் திரும்பச் செருகுறேன்.