ரயிலில் விழுந்து அடிபட்டு நஷ்டஈடு கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரை:
திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரும்போது என் தம்பி வாசல் பக்கம் நின்று தவறி விழுந்தான். சாயங்காலக் கூட்டம், உங்களுக்கே தெரியும். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனு போட்டு, விசாரணைக்குச் சென்னையில் இருக்கும் ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போனோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து முதலில் கேட்டது, "டிக்கெட் எங்கே?" ஆஸ்பத்திரியில் ரத்தத்தோடு ஒட்டிப்போன சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். டிக்கெட் அதன் பையில்தான் இருந்தது, சட்டையோடு போய்விட்டது. தம்பி வாயே திறக்கவில்லை. மடித்துவிட்ட பேண்ட் காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வழக்கு இன்னும் முடியவில்லை. ஓசியில் வந்தவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்ததுதான் எனக்கு ஆறவில்லை.

திருமங்கலத்தான்:
எங்கள் அப்பா இறங்கும்போது வண்டி நகர்ந்து கை நசுங்கியது. பணம் வந்தது, ஆனால் அந்தக் கையால் இன்றும் சட்டைப் பட்டன் போட முடியாது. அண்ணே, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ள முடியாது. 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பயணம் செய்த விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். அப்புறம் மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் பொறுப்பு. வாசலில் நின்றது தப்பு என்பார்கள். அது கவனக்குறைவாகவே இருந்தாலும் நஷ்டஈடு உண்டு என்று 2010இல் ஜமீலா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ரயில்வே போலீஸ் எஃப்.ஐ.ஆர்., ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ, ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். டிக்கெட் எடுத்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் சாட்சி சொல்ல வையுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

கூடல்வாசி:
எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்பதுபோல் எழுதாதீர்கள். என் மாமா தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டு இறந்தார். பயணி இல்லை என்று மனு தள்ளுபடி. வெளியே வந்ததும் அத்தை வக்கீலிடம், "ரயிலு அவரு மேலதானய்யா ஏறுச்சு?" என்று கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

திருமங்கலத்தான்:
நான் சொன்னது ரயிலில் வந்தவர்களுக்கு. நஷ்டஈடு தரச் சொல்லும் ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவே பயணிகளுக்குத்தான்.

கூடல்வாசி:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். படித்துவிட்டு யாராவது வீணாக அலைவார்கள்.

மேலூர் பொண்ணு:
எங்கள் அம்மா வார்டில் மயக்கமாகக் கிடந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வக்காலத்துத் தாளும் மை டப்பாவுமாக வந்து அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துவிட்டார். நான் தட்டிவிட்டதில் மை போர்வையெல்லாம் கொட்டியது. வருகிற பணத்தில் பாதி அவருக்காம்! இறப்புக்கு 2017இலிருந்து 8 லட்சம், காயத்துக்கு எதற்கு எவ்வளவு என்று விதியில் அட்டவணையே இருக்கிறது. சதவீதம் பேசுகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

வைகைக்கரை:
திருமங்கலத்து அண்ணனுக்கு நன்றி. டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஏற்றிவிட்டது சித்தப்பா மகன்தான். பேசிவிட்டேன், அடுத்த வாய்தாவுக்குச் சாட்சி சொல்ல வருகிறான்.