தினமும் வாசித்தால் வேலையில் மேலே வர முடியுமா?

சேலத்துக்காரன்:
அப்ரைசலில் மேலாளர், "தினமும் அரை மணி நேரம் படிங்க, மேலே வரலாம்" என்றார். அவர் படித்து நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். நான் ஐடி சப்போர்ட்டில் இருக்கிறேன். வாசிப்புப் பழக்கத்தால் உண்மையிலேயே வேலையில் உயர்ந்தவர் யாராவது உண்டா? பரீட்சைக்குப் படிப்பதைக் கேட்கவில்லை.

நூலகவாசி:
விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. லண்டனில் கொல்லர் மகன், பள்ளிப்படிப்பு பெயருக்குத்தான். 1805இல், 14 வயதில், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் இருந்த மின்சாரக் கட்டுரை அவரை இழுத்துக்கொண்டது. 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குப் போய்க் குறிப்பெடுத்து, பைண்டிங் போட்டு அவருக்கே அனுப்பிவைத்தார். 1813 மார்ச்சில், டேவி வேலை செய்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. மின்சாரத்தில் அவர் செய்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லேத்துப்பட்டறை:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. அந்தச் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தது யார்? கடைக்கு வந்துபோன வாடிக்கையாளர், வில்லியம் டான்ஸ். குறிப்பைப் பார்த்ததும் டேவி நிரந்தர வேலை தந்துவிட்டாரா? இல்லை. அங்கே இருந்த உதவியாளர் அடிதடியில் வேலையை இழந்த பிறகுதான் ஃபாரடேயைக் கூப்பிட்டார். ஆள் பழக்கமும் காலியிடமும் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் சூப்பர்வைசர் ஆனவர்கள் எல்லாரும் ஐடிஐ முடித்து வந்து, மெஷினில் நின்று கை பழகியவர்கள்.

நூலகவாசி:
சரி, அந்த அரங்கில் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தானா? கிட்டத்தட்ட 300 பக்கம் எழுதிக் கொடுத்தது இவர்தான். டேவி பேசியது புரிந்தால்தானே எழுத முடியும்? அந்தப் புரிதல் கடையில் படித்துப் படித்து வந்தது. காலியிடம் யாருக்கும் வரும். அப்போது டேவிக்கு ஏன் இந்தப் பையன் ஞாபகம் வந்தது என்று யோசியுங்கள்.

குரூப்4_தோழி:
பரீட்சையை ஏன் ஒதுக்குகிறீர்கள்? குரூப் 4இல் 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கைடை மனப்பாடம் செய்கிறவர்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். தினமும் பேப்பர் படிக்கிறவர்களுக்கு அந்த வேகம் தானாக வந்துவிடுகிறது.

லேத்துப்பட்டறை:
அது வேலைக்குள் நுழைய. நுழைந்த பிறகு? "ஜெயிப்பது எப்படி" வகைப் புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

டெஸ்டர்அக்கா:
அந்த வகையை நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஆபீஸில் ஒன்று பார்க்கிறேன். கிளையன்ட்டுக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கும் ரிக்வைர்மென்ட் டாகுமென்ட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர் டீமில் ஒருவரோ இருவரோதான். கிளையன்ட்டோடு போனில் பேசும்போது உருப்படியான கேள்வி அவர்களிடமிருந்துதான் வருகிறது. அடுத்த தடவை கிளையன்ட் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார். அமேசானில் 2004இல் ஜெஃப் பெசோஸ் பவர்பாயிண்ட்டை நிறுத்திவிட்டு, ஆறு பக்கக் குறிப்பு எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். கூட்டம் ஆரம்பித்ததும் எல்லாரும் பேசாமல் அதைப் படிப்பார்கள். நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர் அங்கே என்ன பேசிவிட முடியும்?

சேலத்துத் தம்பிக்கு: உங்கள் டீமின் பழைய ஆர்சிஏ (கோளாறின் மூல காரணத்தை அலசும்) ரிப்போர்ட்களிலிருந்து தொடங்குங்கள். சர்வர் ஏன் விழுந்தது, யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுதியதோடு சரி, பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை.

லேத்துப்பட்டறை:
மெஷினில் அலாரம் நம்பர் வந்தால் நாங்களும் மேனுவலைப் புரட்டுவோம் அக்கா, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி ரிப்போர்ட்டைச் சொந்த நேரத்தில் ஏன் படிக்க வேண்டும்? மேலாளர் சொன்ன அந்த அரை மணி நேரத்தை ஷிஃப்டுக்குள்ளேயே தரச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
திங்கட்கிழமை கேட்டுவிடுகிறேன். அக்கா, ஆர்சிஏவில் எந்த வருடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?

டெஸ்டர்அக்கா:
புதியதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பழைய சர்வர் பாதி இப்போது இருக்காது.