ஹார்டிங் பர்மிங்ஹாம்ல பேசுனது தைரியமா, வெறும் வாய்ப்பந்தலா?

கரிசல்காட்டான்:
அமெரிக்க வரலாறுன்னா நம்மாளுங்க லிங்கன்ல ஏறி நேரா மார்ட்டின் லூதர் கிங்லதான் இறங்குறாங்க, நடுவுல தெற்கு மாநிலங்கள்ல கறுப்பர்களோட ஓட்டையே பிடுங்கி வச்சிருந்த காலத்த யாரும் சீண்டுறதில்ல. அந்தக் கால ஜனாதிபதிகள்ல எனக்கு மரியாதை வாரன் ஹார்டிங் மேலதான். 1921 அக்டோபர் 26, அலபாமா பர்மிங்ஹாம், ஊரோட 50ஆவது ஆண்டு விழா, வெள்ளையர் தனியா கறுப்பர் தனியா பிரிச்சு நிக்க வச்ச கூட்டம். அங்க நின்னு, தகுதியுள்ள கறுப்பர் ஓட்டு போடட்டும், தகுதியில்லாத வெள்ளையர போட விடாதீங்கன்னு சொன்னாரு. சும்மாவா?

மண்பானை:
பாஸ் அந்த "தகுதி"தான் பொறியே. 1890ல மிசிசிப்பி புது அரசியல் சட்டம் எழுதுனப்ப கறுப்பருக்கு ஓட்டு இல்லன்னு ஒரு வரி கூட எழுதல, நிறத்த வச்சு ஓட்டுரிமைய மறுக்கக் கூடாதுங்குற 15ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குறுக்க நிக்குதே. அதுக்கு பதிலா 2 டாலர் வரி கட்டு, சட்டத்துல ஒரு பகுதிய வாசி, இல்ல நாங்க வாசிச்சா அர்த்தம் சொல்லு. நீ சொன்னது சரியா தப்பான்னு முடிவு பண்றது வாக்காளர் பேர பதிவு பண்ற அதிகாரி. 1898ல லூசியானா இன்னும் கில்லாடி, 1867 ஜனவரி 1க்கு முன்னாடி உங்கப்பனுக்கோ தாத்தனுக்கோ ஓட்டு இருந்திருந்தா உனக்கு பரீட்சையே வேணாம்னுட்டான். கறுப்பரோட தாத்தன் அப்ப எங்க ஓட்டு போட்டான்? 1896ல 1,30,000க்கு மேல இருந்த கறுப்பு வாக்காளர் 1904ல 1,342. இதெல்லாம் தெரிஞ்சும் அங்க போய் தகுதின்னு பேசுனா? அதே மேடையில சமூக சமத்துவம் கிடையாதுன்னும் சொல்லிட்டுத்தான் இறங்குனாரு, அத விட்டுட்டீங்க.

நைட்ஷிஃப்ட்:
தியடோர் ரூஸ்வெல்ட்ட மறந்துட்டீங்களே ரெண்டு பேரும். 1901ல கறுப்பர்களோட தலைவர் புக்கர் வாஷிங்டன வெள்ளை மாளிகைக்கு கூப்பிட்டு கூட உக்காந்து சாப்பிட்டாரு, தெற்குல பத்திரிகையெல்லாம் கொதிச்சுப் போச்சு. ஒரே பந்தியில உக்கார்றதுன்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

மண்பானை:
சாப்பாடு போட்டது சரி. 1906ல டெக்சாஸ் பிரவுன்ஸ்வில்ல துப்பாக்கிச்சூடு நடந்ததும் பழிய அவங்க மேல போட்டு 167 கறுப்பு சிப்பாய்ங்கள ஒரு விசாரணை இல்லாம வேலைய விட்டு தூக்குனதும் இதே ஆள்தான். உத்தரவ நவம்பர் தேர்தல் முடியுற வரைக்கும் வெளிய விடாம வச்சிருந்தாங்க, ஏன்னா வடக்குல கறுப்பருக்கு இன்னும் ஓட்டு இருந்துச்சு 😏 தப்புன்னு ராணுவம் ஒத்துக்கிட்டது 1972ல.

கரிசல்காட்டான்:
ரூஸ்வெல்ட்டுக்கு நான் வக்கீல் இல்ல. ஹார்டிங் 1921 ஏப்ரல்லயே கும்பல் கொலைய ஒழிக்கணும்னு காங்கிரஸ்ல கேட்டாரு, அதுக்கான டையர் மசோதா 1922 ஜனவரில கீழ்சபையில பாஸ் ஆச்சு, செனட்ல தெற்கத்தி ஆளுங்க பேசிப் பேசியே இழுத்து கொன்னுட்டாங்க. அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?

தேன்மொழி:
தம்பிங்களா ஜனாதிபதிங்களயே பிடிச்சு தொங்குறீங்களே, கறுப்பர்களோட தலைவர்கள் என்ன பண்ணாங்கன்னு பேச மாட்டீங்களா. 1895ல அட்லாண்டாவுல புக்கர் வாஷிங்டன், சமூக விஷயத்துல வெள்ளையரும் கறுப்பரும் விரல் மாதிரி தனித்தனியா இருக்கலாம்னு பேசுனத வச்சு அவர அடிமைப்புத்திக்காரர்னு திட்டுறவங்க நிறைய, இன்னொரு கறுப்பர் தலைவர் டு போய்ஸ் கூட 1903ல கடுமையா எழுதினாரு. ஆனா கறுப்பரோட ஓட்ட பறிச்ச அலபாமாவோட 1901 அரசியல் சட்டத்த எதிர்த்து ஜைல்ஸ்னு ஒருத்தர் போட்ட கேசுக்கு ரகசியமா பணம் கொடுத்தது இதே வாஷிங்டன்தான். 1903ல அந்த கேஸ்ல உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் என்ன எழுதினாரு தெரியுமா, இது கோர்ட்டால தீராது, மாநில மக்களும் அரசியல் அமைப்புகளும்தான் தீர்க்கணும்னு. ஓட்டு பறிபோனவன் ஓட்டு போட்டு தீர்த்துக்கணுமாம்! எனக்கு இத வாசிச்ச அன்னிக்கு சாப்பாடே இறங்கல.

கரிசல்காட்டான்:
அக்கா அந்த ஜைல்ஸ் கேஸ் எனக்கு தெரியாது. போன மாசம் வாஷிங்டன நக்கலடிச்சு ஒரு பதிவு போட்டேன், அத எடுத்துடுறேன். ஹார்டிங் விஷயத்துல மட்டும் மாற மாட்டேன்.

மண்பானை:
மாற வேணாம். ஒன்னு மட்டும், 1901ல ஜார்ஜ் ஒயிட்ங்குற கறுப்பு உறுப்பினர் வெளிய போனதுக்கு அப்புறம் 28 வருஷம் காங்கிரஸ்ல ஒரு கறுப்பர் கூட இல்ல. அப்புறம் உறுப்பினரா வந்த டி பிரீஸ்ட்ங்குற கறுப்பர், ஹார்டிங் பேசுன அதே அலபாமாவுலதான் பொறந்தாரு, ஆனா ஜெயிச்சது ஓட்டு இருந்த சிகாகோவுல.