உதவி தேவை: புது வீட்டுக்கு வந்து குவியும் விளம்பரத் தபாலை நிறுத்துவது எப்படி? (டெக்சஸ்)

அகிலா, பிரிஸ்கோ:
வணக்கம். மூணு மாசம் முன்னாடி இங்கே வீடு வாங்கிக் குடிவந்தோம். தெருமுனையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தபால் பெட்டி வரிசை, ஆளுக்கு ஒரு அறை, ஒரு சாவி. ரெண்டு நாள் போகலைன்னா கதவைத் திறந்ததும் பாதி காலடியில் கொட்டுது. போன சனிக்கிழமை எண்ணினேன், 23 இருந்தது. எங்களுக்கு வேண்டியது தண்ணி பில்லும் பையன் பள்ளிக்கூடக் கடிதமும்தான்.

வெறும் குப்பைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன். ஆனா அப்பா மதுரையிலிருந்து வந்திருக்கார். கூட்டுறவு வங்கியில் 30 வருஷம் வேலை பார்த்தவர். ஒரு கடிதத்தில் 'இறுதி அறிவிப்பு'ன்னு பெரிய எழுத்து, கீழே எங்களுக்குக் கடன் கொடுத்த கம்பெனி பேர், கடன் தொகை எல்லாம் சரியா இருந்தது. ராத்திரி முழுக்க அவர் தூங்கலை. காலையில் மெதுவா வந்து, "ஏம்மா, தவணை பாக்கியா? என்கிட்ட சொல்லியிருந்தா ஊர்ல அந்த அரை ஏக்கரை வித்துக் கொடுத்திருப்பேனே"ன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பிரிச்சுப் படிச்சா, வீட்டுச் சாமான் ரிப்பேர் வாரண்டி விக்கிற விளம்பரம்!

பெட்டிக்குள்ள 'விளம்பரம் வேண்டாம்'னு சீட்டு ஒட்டினேன். தபால்காரம்மா, "முகவரி போட்டு வந்தா நான் போட்டுத்தான் ஆகணும்"னு சொல்லிட்டாங்க. சிலதுல 'ரிஃப்யூஸ்டு' (வாங்க மறுக்கிறேன்)னு எழுதித் திருப்பிப் போட்டேன், ஒண்ணும் குறையலை. யாராவது வழி சொல்லுங்க.

குமரன், ஸ்கார்பரோ:
தங்கச்சி, இஞ்ச கனடாவில அந்தச் சீட்டு வேலை செய்யும். எங்கட பெட்டியில ஒட்டின பிறகு பேர் போடாமல் வாற ஃபிளையர் எல்லாம் நிண்டுட்டுது. எங்கட பேர் போட்டு வாறதும் தேர்தல் காகிதங்களும் மட்டும் வரும். அமெரிக்காவில அந்த முறை இல்லையெண்டு டலஸில இருக்கிற மச்சானும் சொன்னவர். அங்க உள்ள ஆக்கள் சொல்லுவினம்.

செந்தில், ஆஸ்டின்:
அகிலா, முதல்ல அப்பாகிட்ட ஒண்ணு சொல்லுங்க. டெக்சஸ் சட்டப்படி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோற நோட்டீஸ் சர்டிஃபைட் மெயில்ல (நம்ம ஊர் பதிவுத் தபால் மாதிரி) வந்தாகணும். சாதாரண உறையில் வந்து மிரட்டுறது அது இல்லை. சந்தேகம் வந்தா கடிதத்தில் உள்ள நம்பரைக் கூப்பிடாம, மாசத் தவணை ஸ்டேட்மென்ட்டில் இருக்கிற நம்பரைக் கூப்பிடுங்க.

அவங்களுக்கு உங்க கடன் தொகை எப்படித் தெரிஞ்சதுன்னா, வீடு வாங்கினதும் பத்திரமும் அடமானப் பத்திரமும் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிளர்க் ஆபீஸ்ல பதிவாகுது. அது யார் வேணும்னாலும் பார்க்கக்கூடிய பொது ஆவணம். அதிலிருந்து எடுத்துதான் எழுதுறாங்க. இந்த வகையைத் தடுக்க ஒரே பட்டன்னு ஒண்ணும் கிடையாது, நாளாக நாளாகத் தானா குறையும். 'உங்க பத்திர நகல் வாங்கித் தர்றோம்'னு காசு கேட்டு வந்தா அனுப்பாதீங்க, கவுன்ட்டியிலேயே சில டாலருக்குக் கிடைக்கும்.

மத்ததை எல்லாம் பிரிச்சுப் பார்க்கணும். கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ்னு 'முன்கூட்டியே தேர்வானீர்கள்' கடிதங்கள் வருதில்ல, அதைத்தான் நான் முதல்ல நிறுத்தச் சொல்வேன். திருடன் கையில் போனா ஆபத்து அதுலதான். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், இன்னோவிஸ்னு நம்ம கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கிற நாலு கம்பெனியும் சேர்ந்து நடத்தற ஆப்ட்அவுட்பிரீஸ்கிரீன் டாட் காம்ல பதியுங்க. 1-888-567-8688 கூப்பிட்டாலும் ஆகும். அப்படிப் பதிஞ்சா 5 வருஷம். நிரந்தரமா வேணும்னா படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பணும். கணவர் பேருக்குத் தனியா பதியணும், இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ஏற்கெனவே அச்சுக்குப் போனது சில வாரம் வந்துக்கிட்டுதான் இருக்கும், பதறாதீங்க.

கேட்டலாக்கை நிறுத்த கேட்டலாக் சாய்ஸ்னு ஒரு தளம், இலவசம். மத்த கம்பெனி விளம்பரத்துக்கு டிஎம்ஏ சாய்ஸ் தளம், சின்னக் கட்டணம், 10 வருஷம் நிக்கும். நீல உறையில் கூப்பன் வந்தா வால்பேக் தளத்திலேயே பேரை எடுக்கலாம். முகவரியை லேபிள்ல உள்ளபடியே அடிங்க.

நீங்க எழுதித் திருப்பினது ஏன் பலிக்கலைன்னா, உறையின் வலது மேல் மூலையைப் பாருங்க. 'பிஆர்எஸ்ஆர்டி எஸ்டிடி' (PRSRT STD)ன்னு சுருக்கி அச்சடிச்சிருந்தா அது மலிவுக் கட்டண விளம்பரத் தபால். அனுப்பினவர் திரும்பக் கேட்டு உறையில் போட்டிருந்தாலொழிய, தபால் நிலையமே அதைக் குப்பையில் போட்டுடும். கம்பெனிக்கு உங்க மறுப்பு போய்ச் சேரவே சேராது. 'போஸ்டல் கஸ்டமர்'னு மட்டும் போட்டு வர்ற பீட்சா, பல் டாக்டர் அட்டைகள் ரூட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும் போறது, அதுக்குப் பட்டியலே கிடையாது. கடைக்கே கூப்பிட்டுச் சொல்லலாம், பெரிசா எதிர்பார்க்காதீங்க.

மீனா, ப்ளேனோ:
இதையும் சேர்த்துக்கோங்க. சொந்த வீட்டில் குடியிருக்கிறவங்களுக்குச் சொத்து வரியைக் குறைக்கிற ஹோம்ஸ்டெட் சலுகை இருக்கு. 'அதுக்கு நாங்க விண்ணப்பிச்சுத் தர்றோம்'னு கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், அரசாங்கக் கடிதம் மாதிரியே இருக்கும். அந்த விண்ணப்பம் இலவசம். 50-114ன்னு படிவம், வரிக்காக வீட்டை மதிப்பிடற அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல நேரா கொடுக்கலாம். பிரிஸ்கோ காலின், டென்டன் ரெண்டு கவுன்ட்டியிலயும் இருக்கு, உங்க வீடு எதுலன்னு பார்த்துக்கோங்க. விளம்பரம்னு இதையும் தூக்கிப் போட்டுட்டு விண்ணப்பிக்காம விட்டுடாதீங்க, வரியில் நிஜமாவே மிச்சமாகும்.

ஒரே கம்பெனி விடாம அனுப்பினா, இனி அனுப்பக் கூடாதுன்னு அதுக்கு உத்தரவு போடக் கேட்கிற தபால் துறையின் 1500ஆம் படிவம் இருக்கு. ஆபாச விளம்பரத்துக்காக வந்த சட்டம். ஆனா எது ஆபாசம்னு தீர்மானிக்கிற உரிமை பெறுகிறவருக்கேன்னு 1970இல் ரோவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அகிலா, பிரிஸ்கோ (பத்து வாரம் கழித்து):
எல்லாருக்கும் நன்றி. கிரெடிட் கார்டு கடிதம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. இந்த வாரம் மொத்தமே 9 தபால். செந்தில் அண்ணா சொன்ன மூலையை அப்பா பிடிச்சுக்கிட்டார். சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு உறையா வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், 'எஸ்டிடி'ன்னு சொல்லித் தனியா வைக்கிறார். சர்டிஃபைட் மெயில் விஷயத்தைச் சொன்ன அன்னைக்குதான் அவர் நிம்மதியா தூங்கினார்.

இன்னும் ஒரே ஒரு தொல்லை. முன்னாடி இருந்த வீட்டுக்காரர் பேர்ல துணி கேட்டலாக் வாரம் ரெண்டு வருது. அடுத்தவர் பேர்ல வந்ததை நான் எப்படி நிறுத்தறது?

செந்தில், ஆஸ்டின்:
பின்னட்டையில் முகவரிக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் எண் இருக்கும். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லி, 'இவர் இங்கே இல்லை'ன்னு சொன்னா எடுத்துடுவாங்க. அவர் பேர்ல சாதாரணக் கடிதம் வந்தா பிரிக்காம 'இந்த முகவரியில் இல்லை'ன்னு ஆங்கிலத்தில் எழுதி, அதே பெட்டி வரிசையில் வெளியே போற தபாலுக்கான துளையில் போடுங்க. அது திரும்பிப் போகும்.