புதுப்பிப்பு: மறுபடியும் ரூன்ஸ்கேப்

பிரவுசிங் சென்டரில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் ஆடிய கதையைப் போன பதிவில் எழுதியிருந்தேன். "இப்போதும் ஆடலாமே" என்று பலர் சொன்னதால் ஓல்டு ஸ்கூல் பதிப்பைப் போனில் இறக்கினேன். கேமின் 2007 ஆகஸ்ட் பேக்கப்பிலிருந்து 2013-ல் வெளியிட்டது.

பழைய கணக்கு இருந்தாலும் இங்கே முதல் நிலையிலிருந்துதான். மீன்பிடித் திறனில் 40-ஆம் நிலை வந்ததும் கேமில் உள்ள போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்துக் கப்பலேறினேன். கரமஜா தீவின் துறையில் கூண்டு போட்டு சிங்கி இறால் பிடிப்பது அதே ஆமை வேகம். எனக்கு அலுக்கவில்லை!

ஒரே குறை, வாராக் நகரின் மேற்கு வங்கி. முன்பெல்லாம் அங்கே நின்று சரக்கைக் கூவி விற்போம், தலைக்கு மேல் நாம் தட்டிய எழுத்து நிறம் மாறி அலையடிக்கும். இப்போது வியாபாரமெல்லாம் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில். விலை போட்டுவிட்டுப் போனால் தானே விற்றுவிடும். வசதிதான், ஆனால் பேரம் பேச ஆளில்லை.

உள்ளே வருகிறவர்கள் சொல்லுங்கள், லம்பிரிட்ஜ் ஊரில் சந்திக்கலாம்.