சிகரெட்டில் சுகமே இல்லை, ஆனாலும் கால் கடைக்குப் போகிறது: டோபமைன் வேலையா?

கடைக்கோடி:
டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எனக்கோ பல வருடப் பழக்கம், இப்போது சிகரெட்டில் ஒரு சுகமும் இல்லை, வாயில் கசப்புதான் மிச்சம். ஆனால் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போகிறது. சுகம் இல்லாதபோது மூளை எதற்காகக் கேட்கிறது?

நரம்புநூல்:
அந்த வீடியோக்களை விடுங்க சகோ. 1990-களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் நியூரான்களை, அதாவது டோபமைன் சுரக்கும் நரம்பு செல்களை, ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் நியூரான் படபடவென்று துடிக்கிறது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்குக்கே துடிக்கிறது, சாற்றுக்குச் சும்மா இருக்கிறது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிவிடுகிறது. அதாவது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்கிறது. நீங்கள் கை கழுவுவது அந்த விளக்கு.

சாறு பழகினால் துடிப்பு நின்றுவிடும், நிக்கோட்டின் அப்படி விடாது. புகையை இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய், அசிட்டைல்கோலின் என்ற மூளையின் சொந்த ரசாயனத்துக்கான ஏற்பிகளில் (ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களில்) உட்கார்ந்து டோபமைன் நியூரானை நேரடியாகவே தூண்டிவிடும். நீங்கள் எதிர்பார்த்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதனால் ஒவ்வொரு முறையும் ‘நினைத்ததைவிட நல்லது கிடைத்தது’ என்று கள்ளக்கணக்கு பதிவாகிறது என்பது ஒரு விளக்கம். (கோக்கெய்ன் வழி வேறு, வெளியே வந்த டோபமைனை நியூரான் திரும்ப உறிஞ்ச விடாமல் அடைத்துவிடும்.)

மழைக்காகிதம்:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதுதான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ், மூளையில் டோபமைன் கிட்டத்தட்ட முழுதும் அழிக்கப்பட்ட எலிகளை வைத்துப் பார்த்தார். அவை பக்கத்தில் இருக்கும் தீனியைக்கூடத் தேடிப் போகாது, பட்டினியாகவே கிடக்கும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கி ரசிக்கும். ஆக ரசிப்பதற்கு டோபமைன் தேவைப்படவில்லை, தேடுவதற்குத்தான் தேவைப்பட்டது. உங்களுக்கு ரசிப்பு போய்விட்டது, தேடல் மட்டும் நிற்கிறது.

சந்தேகப்பேர்வழி:
எல்லாவற்றையும் டோபமைன் தலையில் கட்டாதீர்கள் என்று சொல்ல வந்தேன். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆய்வு செய்தபோது, ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மிகச் சிலரே மறுபடி அடிமையானார்கள் என்று தெரிந்தது. மூளை அதே மூளைதானே? இடம் மாறிவிட்டது, கூட்டாளிகள் மாறிவிட்டார்கள், சரக்கும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

கடைக்கோடி:
அப்போ சாப்பிட்டதும் வேறு பக்கம் நடந்தால் போதுமா?

நரம்புநூல்:
உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். விளக்கு எரிந்தும் சாறு வராமல் பல நாள் போனால் இழுப்பு குறையும், பழைய பாடம் முழுதாக அழியாது, பழைய கடை வாசலில் நின்றால் கிளம்பும். டாக்டரிடம் வாரெனிக்ளின் என்ற, சிகரெட்டை விட உதவும் மாத்திரை பற்றிக் கேளுங்கள். நிக்கோட்டின் உட்காரும் அதே ஏற்பியில் இது உட்கார்ந்து அரைகுறையாகத் தூண்டும், அதனால் தவிப்பு குறையும், நடுவில் ஒன்று ஊதினாலும் நிக்கோட்டினுக்கு அங்கே இடம் கிடைக்காது. வாந்தி வருகிற மாதிரி இருக்கும் என்று பலர் சொல்வார்கள், சாப்பாட்டுக்குப் பின் போட்டால் பரவாயில்லை.